ஏழாவது ஓவியத்துக்கு என்ன குடிப்பது

மே 3, வெள்ளி

மதாம் இன்று ஒரு தடித்த நோட்டைக் கையில் கொடுத்தார். கண்காட்சி முடியும்வரை தினமும் நடப்பதை எல்லாம் அதில் எழுதிவைக்க வேண்டுமாம். அதில் எழுத முடியாத விஷயங்களும் நடக்கும் என்பதால் வீட்டுக்குப் போகும் வழியில் இந்த இரண்டாவது நோட்டை நானே வாங்கிக்கொண்டேன்.

மதாம் கொலேத் எங்கள் ஓவியக்கூடத்தின் உரிமையாளர். அறுபத்து நான்கு வயது. பிறந்தது புதுச்சேரி, இருபது வருடம் பாரிஸில் இருந்துவிட்டுத் திரும்பிவந்தவர். கோபம் வந்தால் அவர் குரல் உயராது, தணியும். ஒருமுறை குரல் சுத்தமாகக் கேட்காமலே போனது. அன்றைக்குத்தான் எனக்கு முன்னால் இருந்தவர் வேலையை விட்டுப் போனார்.

நான் மங்கையர்க்கரசி, வயது முப்பத்தொன்று. விழுப்புரத்தில் இன்சூரன்ஸ் ஆபீசில் ஆறு வருடம் இருந்துவிட்டு, டிசம்பர் முதல் தேதி இங்கே சேர்ந்தேன். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம். மே 31 கடைசி நாள். இந்த மாதம் 25ஆம் தேதி கண்காட்சித் திறப்பு நல்லபடியாக நடந்தால் கடிதம் கிடைக்கும், இல்லாவிட்டால் விழுப்புரம். எனக்கு இந்த வேலை வேண்டும். காலையில் கூடத்தைத் திறந்து விளக்கைப் போட்டு, யாரும் வருவதற்கு முன்னால் ஓவியங்களோடு தனியாக இருக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்காகவே வேண்டும்.

கோவில்பட்டி செண்பகவல்லி என்பவர் வரைந்த ஏழு ஓவியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடைக்கால காக்டெயில். அந்தந்த ஓவியத்துக்கு முன்னால் நின்று அதற்கென்று கலக்கிய பானத்தைக் குடிக்க வேண்டும். இதுதான் மதாமின் யோசனை. பொறுப்பு என்னுடையது. மதுவின் வாசனை பிடிக்காது என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஏழையும் இன்றே மாட்டிவிட்டேன். லெவல் வைத்துப் பார்த்துத்தான் மாட்டினேன், ஒன்றுகூட ஒரு நூல் சாயவில்லை.

மே 4, சனி

கத்திரி ஆரம்பம். பத்து மணிக்கே வாசல் கைப்பிடியைத் தொட முடியவில்லை.

பானங்களைக் கலக்க ஓட்டலிலிருந்து பார்டெண்டர் வந்தார். பெயர் ஃபெலிக்ஸ். அவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. முப்பத்தைந்து வயது இருக்கலாம். சட்டைக் கையை முழங்கைவரை மடித்திருந்தார். வலது மணிக்கட்டில் பழைய தீக்காயத் தழும்பு. எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்தால் முதலில் முகர்ந்து பார்க்கிறார். சிரிப்பு இடது பக்கம் தொடங்கி, வலது பக்கம் வர நேரமாகிறது. மற்றபடி சாதாரணமான ஆள்.

ஓவியங்களைக் காட்டி விளக்கினேன். ஒன்று, பேருந்து நிலையத்தில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுத் தூங்கும் கண்டக்டர். இரண்டு, பைக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கும் ஆடு. மூன்று, ஜவுளிக்கடை வாசலில் தலையில்லாத பொம்மைகள் நான்கு, நான்குக்கும் ஒரே கல்யாணப் புடவை. இந்த வரிசையில் ஆறு. நான் வெளி, கோடு, வண்ணச் சமநிலை என்று படித்ததை எல்லாம் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"இந்தப் படத்துல மணி இன்னா இருக்கும் மேடம்?"

"மணியா? எதுக்கு?"

"பகல் ஒரு மணி வெயில்ல இருக்கறவருக்கு ரம் குடுத்தா, அவரும் கண்டக்டர் பக்கத்துலியே படுத்துருவாரு. நேரம் தெரிஞ்சாத்தான் சரக்கு தெரியும்."

ஏழாவது ஓவியத்துக்கு முன்னால் மட்டும் அவர் மணி கேட்கவில்லை. அது பெரியது, ஆறடிக்கு நாலடி. தலைப்பு கிடையாது, உருவமும் கிடையாது. மேலே வெளிறிய வானம், கீழே கருநீலம், அந்தக் கருநீலத்திலிருந்து மேல்நோக்கி எழும் நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள். ஃபெலிக்ஸ் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்றார். நவீன ஓவியம் எல்லாருக்கும் புரியாது.

மே 6, திங்கள்

ருசி பார்க்கும் வேலை தொடங்கியது. இது அலுவல் நிமித்தம். ஒரு பானத்துக்கு இரண்டு தேக்கரண்டி என்று நானே வரையறை வைத்துக்கொண்டேன்.

கண்டக்டருக்கு நுங்கும் வெள்ளரிச் சாறும் ஜின்னும். வாயில் வைத்ததும் எனக்கே நாற்காலி தேவைப்பட்டது. ஆட்டுக்கு மாங்காய், வோட்கா, கிளாஸின் விளிம்பைச் சுற்றி உப்பும் மிளகாய்த்தூளும். "ஆடு கண்ணாடியப் பாத்தா மொதல்ல ஷாக் அடிக்கணும் மேடம், அப்பறந்தான் அழகா இருக்கறோம்னு தோணணும்" என்றார் ஃபெலிக்ஸ். பொம்மைகளுக்குப் பன்னீர் சோடாவில் வெள்ளை ரம். கல்யாண மண்டப வாசலில் யாரோ தலையில் தெளித்த மாதிரி இருந்தது.

அம்மா போன் செய்தாள். "இன்னாடி பண்ற?" என்றாள். மாங்காய் ஜூஸ் குடிக்கிறேன் என்றேன்.

மே 9, வியாழன்

விமர்சகர் ஆதிரையன் வந்தார். கலை பற்றி எழுதுபவர்களில் மதாம் பயப்படுவது இவர் ஒருவருக்குத்தான். கண்டக்டரையும் ஆட்டையும் ஒரு பார்வையில் கடந்துவிட்டு ஏழாவதுக்கு முன்னால் நாற்பது நிமிடம் உட்கார்ந்துவிட்டார். நான் இரண்டு முறை தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன்.

மாலையிலேயே கட்டுரை வந்துவிட்டது. "மழை விழும் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். இந்த ஓவியத்தில் மழை ஏறுகிறது. கடல் தன் கடனை வானத்துக்குத் திருப்பிச் செலுத்துகிறது." மதாம் அதைச் சத்தமாக இரண்டு தடவை படித்தார். போஸ்டரில் இந்த ஓவியம்தான், தலைப்பு 'ஏறும் மழை', நாளைக்கே அச்சுக்குப் போகட்டும் என்றார்.

ஏழாவது ஓவியத்தை எதிர்ச் சுவரில் தனியாக மாட்டியது என் யோசனை என்பதையும் மதாம் குறிப்பிட்டார். குறிப்பிட்டதால் எழுதுகிறேன்.

மே 11, சனி

ஆறு பானங்களும் தயார். ஏழாவது அமையவில்லை. ஃபெலிக்ஸ் அரை மணி நேரம் அந்த ஓவியத்தின் முன் நின்றுவிட்டு என்னிடம் வந்தார்.

"மேடம், இந்தப் படம் ஓடற பக்கம் சரியில்ல."

"எது ஓடுது?"

ஒரு உயரமான கிளாஸை எடுத்து, உள்பக்கச் சுவரில் நன்னாரி சர்பத்தைக் கொஞ்சம் வழியவிட்டார். நாலைந்து கோடுகளாக அது மெல்ல இறங்கி, பாதியில் நின்றது.

"பாருங்க. எந்தத் துளியும் கெளம்பின எடத்துல மெலிசா இருக்கும். நிக்கற எடத்துல குண்டா இருக்கும். பதினாலு வருசமா இததான் பாத்துக்கினு இருக்கறன். உங்க படத்துல எல்லாத் துளிக்கும் குண்டு மேல இருக்குது."

"இது நவீன ஓவியம் ஃபெலிக்ஸ். இதுல துளி எந்தப் பக்கம் வேணும்னாலும் போகும்."

"அது பெயிண்ட்டுக்குத் தெரியுமா மேடம்?"

பாட்டில்களை மட்டும் கவனித்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். அவர் சரி என்று போய் எலுமிச்சம்பழம் நறுக்கினார்.

மே 12, ஞாயிறு

விடுமுறை. ஓவியத்தைப் பற்றி நினைக்கவே இல்லை. குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

மே 13, திங்கள்

காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். ஏழாவது ஓவியத்தின் கீழ் முனையைச் சுவரிலிருந்து சற்று விலக்கி, பின்பக்கம் ஒட்டியிருந்த காக்கித் தாளின் ஓரத்தைக் கொண்டை ஊசியால் நெம்பி, உள்ளே டார்ச் அடித்தேன்.

கரியால் போட்ட பெரிய அம்புக்குறி. பக்கத்தில் 'மேல்' என்று எழுத்து. அம்பு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுத்து தலைகீழாக இருந்தது.

மாட்டும்போது இதை ஏன் பார்க்கவில்லை என்று யாராவது கேட்டால், சட்டம் போடுபவர் பின்னால் தாள் ஒட்டி மறைத்துவிட்டார் என்பது பதில். மாட்டும் வளையத்தை எந்தப் பக்கம் அடிப்பது என்று அவர் போனில் கேட்டபோது, வெளிறிய பக்கம் வானம், அதுதான் மேலே, இதுகூடத் தெரியாதா என்று அவரை அதட்டியது யார் என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு இந்த நோட்டில் இடம் இல்லை.

பிய்த்த தாளை ஒட்டப் பசை கிடைக்கவில்லை. டிபன் பாக்ஸிலிருந்து தயிர்சாதத்தில் நாலு பருக்கை எடுத்து நசுக்கி ஒட்டினேன். நன்றாகவே ஒட்டியது.

மதாம் கொடுத்த நோட்டில் எழுதியது: "ஓவியம் 7 பரிசோதிக்கப்பட்டது."

மே 14, செவ்வாய்

போஸ்டர்கள் வந்துவிட்டன. ஐந்நூறு. முழு ஓவியமும் போட்டு, கீழே ஆதிரையனின் வரி. முதல் போஸ்டரை மதாமே வாசலில் ஒட்டி, தள்ளி நின்று பார்த்து, "அரசி, இந்த வருஷம் நம்ம கேலரிக்கு நல்ல வருஷம்" என்றார். நான் ஆமாம் என்றேன்.

மே 15, புதன்

எறும்பு.

தரையிலிருந்து சுவரில் ஏறி நேராக ஏழாவது ஓவியத்தின் பின்னால் போகிறது வரிசை. மதாம் வருவதற்குள் மஞ்சள்தூளைத் தூவினேன். ஃபெலிக்ஸ் வந்து மஞ்சளைப் பார்த்தார், எறும்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"படத்துக்குச் சோறு வச்சீங்களா மேடம்?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்பு, தாள், தயிர்சாதம், சட்டம் போடுபவரை அதட்டியது உட்பட.  அவர் கடைசிவரை சிரிக்கவில்லை. தயிர்சாதம் என்ற இடத்தில் மட்டும் திரும்பி நின்று ஐஸ் பெட்டியைத் திறந்து, தலையை உள்ளே விட்டுக்கொண்டார். தோள் குலுங்கியது.

"மதாம்கிட்ட சொல்லிருங்க."

"சொன்னா விழுப்புரம்."

அவர் ஈரத்துணி எடுத்து மஞ்சளைத் துடைத்து, சுவரடியில் கற்பூரத்தைப் பொடித்துப் போட்டார். எறும்பு போய்விட்டது. கூடம் முழுக்கக் கோவில் வாசனை.

மே 17, வெள்ளி

அம்மா: "உன் பழைய சீட்டு இன்னும் காலியாத்தான் கீதாம். மேனேஜரே கேட்டாரு. படம் மாட்டறதுக்கு இன்னாத்துக்குடி நீ எம்.ஏ. படிச்ச?"

யோசித்துப் பார்த்தேன். ஓவியம் தலைகீழ் என்று வரைந்தவருக்கே தெரியாமல் போகவும் வாய்ப்பு இருக்கிறது. என் பாஸ்போர்ட் போட்டோவை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மே 18, சனி

இன்று ஆறு பானங்களையும் மதாம் முன்னால் வரிசையாக ருசித்து ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. தேக்கரண்டி கிடைக்கவில்லை. ஆகவே கிளாஸிலேயே. வரையறையில் மாற்றம் செய்துகொண்டேன்.

ஆடு மிகவும் நல்ல ஆடு. இத்தனை நாள் எனக்கு அந்த ஆடு புரியவில்லை. தன்னைப் பார்த்து அது பயப்படவில்லை, இன்னொரு ஆடு வந்துவிட்டதே என்று சந்தோஷப்படுகிறது. இதை மதாமிடம் சொன்னேன். மதாம் என்னை ஆட்டோவில் ஏற்றி விடச் சொன்னார். ஏற்றிவிட்டவரின் மணிக்கட்டுத் தழும்பு ஒரு மீன் வடிவில் இருக்கிறது. இதற்கும் வேலைக்கும் சம்பந்தம் இல்லை, கண்ணில் பட்டது.

மே 19, ஞாயிறு

தலைவலி. நேற்றைய பக்கத்தைப் படித்தேன். கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். ஆட்டைப் பற்றிச் சொன்னது சரிதான் என்பதால் விட்டுவிட்டேன்.

மே 20, திங்கள்

செண்பகவல்லி அம்மாவிடம் பயண விவரம் கேட்கப் பேசினேன். அவரிடம் இருப்பது பட்டன் போன். போஸ்டர் எதையும் அவர் பார்த்திருக்க வழியில்லை. திறப்பு நாளன்று நேராகக் கூடத்துக்கு வந்துவிடுகிறேன் என்றார்.

"ஏம்மா, அந்தப் பெரிய படத்த எங்க மாட்டியிருக்கீங்க?"

"எதிர்ச் சுவத்துல, தனியாம்மா."

"வெளிச்சம் நல்லா விழுதா?"

"விழுதும்மா."

"நல்லது. அதுதான் எனக்கு முக்கியம்."

நான் சொன்னது எதுவும் பொய்யில்லை. ஆனாலும் போனை வைத்த பிறகு சாப்பிடப் பிடிக்கவில்லை.

மே 21, செவ்வாய்

ஃபெலிக்ஸ் இன்று ஓட்டலிலிருந்து புது கிளாஸ் ஒன்று கொண்டுவந்தார். அடியில் சின்னக் காம்பு, மேலே பந்து மாதிரி உருண்டை. அதில் வெட்டிவேர் ஊறிய தண்ணீரும் ஜின்னும் ஊற்றினார். நிறமே இல்லை. முன்கூட்டியே நன்றாகக் குளிரவைத்திருந்தார், ஐஸ் போடவில்லை.

"ஐஸ் போட்டா படம் ஒடஞ்சிரும்."

"எந்தப் படம்?"

"கையை நீட்டிப் பிடிங்க. கண்ணுக்குக் கிட்ட வேணாம். இப்ப கிளாஸ் வழியா ஏழாவதப் பாருங்க."

பார்த்தேன். உருண்டைக்குள் ஓவியம் சின்னதாக, முழுசாக, தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழாக இருப்பது தலைகீழானால் நேர். கருநீலம் மேலே போயிருந்தது. கோடுகள் எல்லாம் கீழே இறங்கிக்கொண்டிருந்தன.

"ரவுண்டு கிளாஸ் நெறையத் தண்ணி இருந்தா அப்பிடித்தான் காட்டும். பார்ல ஒக்காந்து இருக்கற ஆளுங்க எல்லாரையும் நான் தலகீழாத்தான் பாத்திருக்கறன்" என்றார். "இதக் குடுங்க. ஒருத்தரும் உங்களத் தப்பு சொல்ல மாட்டாங்க. வேணும்னே தலகீழா மாட்டி, கிளாஸ்ல நேராக் காட்டறாங்கன்னு சொல்லுவாங்க."

நான் என்ன செய்தேன் என்றால் அழுதேன். பிறகு அந்தக் கிளாஸைக் காலி செய்தேன். வெட்டிவேர் வாசனை மூக்கில் ஏறியது. இந்த மனிதருக்கு ஏன் என்மேல் இத்தனை அக்கறை என்று ஒரு நிமிடம் யோசித்தேன். கூட வேலை செய்பவர்கள் என்ற முறையில்தான் இருக்கும்.

மே 24, வெள்ளி

நாளை.

மே 25, சனி

திறப்பு மாலை ஐந்து மணிக்கு. எட்டரைக்குள் வீடு வந்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அறுபது பேர் வந்தார்கள். கண்டக்டர் முன்னால் நின்று கொட்டாவி விட்டார்கள், ஆட்டுக்கு முன்னால் மிளகாய் உறைத்துச் சிரித்தார்கள். ஏழாவதில் ஃபெலிக்ஸ் எல்லாருக்கும் உருண்டைக் கிளாஸ் கொடுத்து, "கையை நீட்டிப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். முதலில் ஒரு பெண், "அய்ய, மழை எறங்குது" என்றாள். அப்புறம் வரிசை நின்றது. அறுபது பேரும் கையை நீட்டிக்கொண்டு, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நின்ற காட்சியை நான் மறக்க மாட்டேன்.

ஆதிரையனும் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "ஏறுவதும் இறங்குவதும் குடிப்பவரின் கையில்" என்று அறிவித்துவிட்டு இன்னொரு கிளாஸ் கேட்டார்.

மதாமின் கண்கள் பளபளத்தன. ஸ்பூனால் கிளாஸைத் தட்டி எல்லாரையும் திரும்ப வைத்தார். இந்த யோசனைக்குச் சொந்தக்காரர் மங்கையர்க்கரசி, இனி அவர் எங்கள் நிரந்தர ஊழியர் என்று சொல்லி, கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து எல்லார் முன்னாலும் கொடுத்தார். கை தட்டினார்கள். கடிதம் கொடுக்க மே 31 வரைகூட அவர் காத்திருக்கவில்லை. நான் ஃபெலிக்ஸைப் பார்த்தேன். அவர் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் செண்பகவல்லி அம்மா வந்தார். பஸ் தாமதம். தோளில் துணிப்பை, வெயிலில் கருத்த முகம். யாரிடமும் பேசாமல் நேராக ஏழாவதுக்கு முன்னால் போய் நின்றார். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அந்த முதுகு விறைத்துக்கொண்டது. ஃபெலிக்ஸ் ஒரு கிளாஸை நீட்டினார். அம்மா அதை வாங்கி, மற்றவர்கள் செய்வதைப் பார்த்து, தானும் கையை நீட்டினார்.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றார் என்று தெரியவில்லை. பிறகு மதாமிடம் ஏதோ கேட்டார். மதாம் என்னைக் காட்டினார். என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"இத யோசிச்சது நீதானாம்மா?"

என் தலை தானாகவே ஆடியது.

"எங்க வீட்டுக்காரர் போன ஐப்பசில போயிட்டாரு. ஆஸ்பத்திரி ஜன்னல் கண்ணாடில அன்னைக்குப் பூரா மழை வழிஞ்சுது. டாக்டர் என்னமோ சொல்லிக்கிட்டே இருக்காரு, நான் மழையத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். அததான் வரைஞ்சேன். உள்ள வந்ததும் படம் தலைகீழா தொங்குறதப் பாத்து எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். இந்தக் கிளாஸக் கையில குடுக்கலேன்னா உங்க எல்லாரையும் ஒரு வழி பண்ணியிருப்பேன். இதுக்குள்ள பாத்தா, என் மழை. நான் பாத்த அதே மழை. அத இத்தனூண்டுக்குள்ள பத்திரமா வச்சிருக்கியேம்மா. எனக்கே இது தோணல. நீ நல்லாருக்கணும்."

கடிதம் என் இடது கையில் இருந்தது. நான் தலையை இன்னொரு முறை ஆட்டியிருந்தால் போதும். அவர் பஸ் ஏறிக் கோவில்பட்டிக்குப் போயிருப்பார், நான் ஓய்வு பெறும்வரை இங்கேயே இருந்திருப்பேன். ஆனால் ஒரு பெண் தன் கணவர் இறந்த நாளின் மழைக்காக எனக்கு நன்றி சொல்கிறார். அதை வாங்கிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு வெட்கம் நான் என் வாழ்க்கையில் பட்டதில்லை.

"இல்லம்மா. நான் தப்பா மாட்டிட்டேன்" என்றேன்.

அவர் கையை விடவில்லை. புரியாமல் பார்த்தார்.

"வேணும்னு மாட்டல. வெளிறின பக்கம் வானம்னு நெனச்சு மாட்டினேன். இந்தக் கிளாஸ் என் தப்ப மறைக்கறதுக்காக. அதுவும் ஃபெலிக்ஸோட யோசனை, என்னோடது இல்ல."

அவர் கையை விட்டார்.

"தப்புன்னு உனக்கு என்னைக்குத் தெரியும்?"

"பதிமூணாம் தேதி."

"இன்னைக்கு இருபத்தஞ்சு." விரல் விடாமலே கணக்குப் போட்டார். "பன்னெண்டு நாள். நடுவுல நான் போன்ல பேசியிருக்கேன்."

"ஆமாம்மா."

ஓவியத்தைத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அந்தம்மாகிட்ட யாரு சொல்றது, நீயா, நானா?"

"நான்தான்."

"அப்ப போயிச் சொல்லு. நான் இங்கனயே நிக்கிறேன்."

போய்ச் சொன்னேன். மதாமின் குரல் தணிந்தது. "ஆதிரையனுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். அப்புறம் அவர் உதடு அசைந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் கையிலிருந்த கடிதத்தை இரண்டு விரலால் எடுத்துக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். திங்கட்கிழமை வா என்றது மட்டும் கேட்டது.

அம்மா போன் செய்தாள். எடுக்கவில்லை.

மே 26, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு ஓவியத்தைத் திருப்பினோம். ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை ஃபெலிக்ஸ். செண்பகவல்லி அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, இடம், வலம், இன்னும் கொஞ்சம் மேல என்று சொல்லிக்கொண்டிருந்தார். பழைய வளையத்தைக் கழற்றிப் புதிதாக அடித்தது நான். பின்பக்கத்திலிருந்து காய்ந்த சோற்றுப் பருக்கை இரண்டு உதிர்ந்தன. அம்மா அதைப் பார்த்துவிட்டு, கேட்க வேண்டாம் என்று முடிவு செய்தார்.

தள்ளி வந்து நின்று பார்த்தேன். மூன்று வாரமாக இதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வானம் கடல் என்று எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறேன். இன்று வானமும் இல்லை, கடலும் இல்லை. ஒரு கண்ணாடி, அதில் வழியும் தண்ணீர், அதற்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒருவர். கோடு ஒவ்வொன்றும் இறங்கி இறங்கி, போக வழியில்லாமல் ஓர் இடத்தில் குண்டாகி நிற்கிறது. 

"ஆங். இப்பத்தான் பெய்யுது" என்றார் அம்மா.

மாலையில் கூட்டம் வந்தது, நேற்றைவிட அதிகம். உருண்டைக் கிளாஸைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தவர்கள். வேறு பானம் கலக்க நேரமில்லாததால் ஃபெலிக்ஸ் அதையே கொடுத்தார். எல்லாரும் கையை நீட்டிப் பார்த்தார்கள். சுவரில் மழை இறங்கியது, கிளாஸில் ஏறியது. வாசல் போஸ்டரிலும் ஏறிக்கொண்டிருந்தது. ஆதிரையன் மறுபடி வந்து கிளாஸ் வழியாகப் பார்த்து, "நான் அன்றைக்கே எழுதினேனே" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். சுவரைப் பார்க்கவில்லை. மதாம் சுவரையும் பார்த்தார், கிளாஸையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். 

செண்பகவல்லி அம்மா மட்டும் கிளாஸை நீட்டிப் பிடிக்கவில்லை. நேராக வாயில் வைத்துக் குடித்தார்.

"வெட்டிவேர் வாசனை நல்லாருக்கு. கூட என்னப்பா கலந்திருக்க?"

"ஜின்னும்மா."

"அப்படியா" என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இன்னொண்ணு குடு" என்றார்.

மே 27, திங்கள்

இரவு தூங்கவில்லை. பெட்டியைப் பாதி கட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். மதாமின் மேஜையில் கடிதம் இருந்தது. உட்காரச் சொல்லவில்லை.

"தெரிஞ்ச அன்னிக்கே ஏன் சொல்லல?"

"இந்த வேலை வேணும் மதாம். அதனாலதான்."

"அப்பறம் முந்தாநாள் லெட்டரைக் கையில வாங்கினப்பறம் ஏன் சொன்ன?"

என்னென்னவோ பதில் தயார் செய்து வைத்திருந்தேன்.  "அவங்க எனக்கு நன்றி சொன்னாங்க" என்றேன்.

மதாம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் தெருவை வெள்ளையாக்கியிருந்தது. "பாரிஸ்ல ஒரு மியூசியத்துல நான் மூணு வருஷம் வேலை பாத்தன். அங்க ஒரு தடவை ஒரு சிலையைச் சுவத்தப் பாத்து வச்சிட்டன். யார்கிட்டயும் சொல்லல. இன்னும் அது அப்படித்தான் இருக்குதுன்னு கேள்வி" என்றார். சிரிக்கவில்லை. எனக்கும் சிரிக்கத் தைரியம் இல்லை.

பேனாவை எடுத்துக் கடிதத்தில் எதையோ அடித்து, மேலே எழுதி, என் பக்கம் தள்ளினார். வேலை நிரந்தரம் ஆகும் தேதி மே 31 என்று இருந்தது. அதை அடித்துவிட்டு ஜூன் 12 என்று எழுதியிருந்தார்.

"பன்னண்டு நாள் மறைச்ச. பன்னண்டு நாள் லேட்டாத்தான் கெடைக்கும். போய் வேலையப் பாரு."

குரல் நன்றாகவே கேட்டது.

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து விளக்கைப் போட்டேன். ஏழாவது ஓவியத்துக்கு முன்னால் ஃபெலிக்ஸ் நின்றுகொண்டிருந்தார். கடிதத்தைக் காட்டினேன். அவர் அதை ஓரமாகப் பிடித்துப் படித்தார். சிரிப்பு இடது பக்கம் தொடங்கியது, வலது பக்கமும் வந்து சேர்ந்தது.

"ஜூன் பன்னண்டு இன்னா கெழமை மேடம்?"

"புதன்."

"புதன்கிழமை எனக்கு லீவு" என்றார்.

தகவலுக்காகக் குறித்துவைக்கிறேன்.